அரை நாள் தாமதம்

நாற்பத்தேழாவது வயதில் எனக்குச் சந்தோஷம் வந்தது. நாற்பத்தொன்பதாவது வயதில் இருமல் வந்தது. இரண்டும் ஒரே கதவு வழியாகத்தான் வந்தன என்று தெரிய இன்னும் சில மாதம் ஆயிற்று. எனக்கு எல்லாமே கொஞ்சம் தாமதமாகத்தான் புரியும். கல்யாணமும் அப்படித்தான்.

அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் ஒரு தொலைபேசி கம்பெனியில் புகார் கேட்கும் மேசையில் உட்கார்ந்திருந்தேன். காலையில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டால் சாயங்காலம் கழற்றும் வரை யாராவது திட்டிக்கொண்டே இருப்பார்கள். எவனோ செய்த தப்புக்கு நான் மன்னிப்புக் கேட்பேன். வாங்கின வசவையெல்லாம் வீட்டுக்குச் சுமந்து வந்து என் வீட்டுக்காரர் தலையில் இறக்கி வைப்பேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஏற்றம் இறக்கம் பார்த்துப் பழகின மனுஷர், வாயே திறக்க மாட்டார். கம்பெனி எங்கள் மேசைகளை எடுத்துவிட்டு இயந்திரக் குரலை வைத்தபோது கூட இருந்தவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. விட்டது சனி என்று வந்துவிட்டேன்.

காளான் வளர்க்கப் போகிறேன் என்றதும் அவர் கேட்டார், "மழை பேஞ்சா தானா மொளைக்கிறத வளர்க்கிறதுக்கு ஒரு ஆளா?"

தானாக முளைக்காது என்பதை முதல் நாற்பது பைகளும் அவருக்குக் காட்டிவிட்டன. தெருக்கோடியில் மூடிக்கிடந்த ஒரு மேசை நாற்காலிக் கிடங்கை வாடகைக்குப் பிடித்தோம். வைக்கோலை நறுக்கி, ஊறவைத்து, பீப்பாயில் வேகவைத்து, ஆறவிட்டு, காளான் விதையை இடையிடையே தூவிப் பையில் அடைத்து இருட்டறையில் அடுக்கினேன். பத்தாம் நாள் நாற்பதும் அழுகி, மூக்கைப் பிடிக்க வைத்தன. வைக்கோலில் ஈரம் அதிகம். வெந்த வைக்கோலை ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், ஆனால் ஒரு சொட்டுகூடக் கீழே விழக்கூடாது. அந்தப் பக்குவம் என் கைக்கு வர மூன்று மாதம் பிடித்தது.

வந்தபிறகு போகவில்லை. பை முழுக்க வெண்மை பரவியதும் அடுத்த அறைக்கு மாற்றி, பக்கவாட்டில் பிளேடால் கீறி, ஈரச் சாக்குகளுக்கு நடுவே தொங்கவிடுவோம். நாலைந்து நாளில் கீறலுக்குள்ளிருந்து குண்டூசித் தலை அளவுக்கு மொட்டுகள் எட்டிப் பார்க்கும். அதற்கப்புறம் மூன்றே நாள். சாயங்காலம் நகம் அளவில் விட்டுப் போனது மறுநாள் காலை உள்ளங்கை அளவில் நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் சந்தோஷமாக இருந்தேன். இதற்கு மேல் அலங்காரமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. காலையில் எழுந்ததும் எங்கே போகிறோம் என்று நினைத்து உடம்பு கனக்காமல் இருந்தது. காளான் யாரையும் திட்டாது. தப்பு செய்தால் செத்துப்போகும், அவ்வளவுதான். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நெட்டை வேலைக்கு வந்து சேர்ந்தாள். என் தோள் உயரம்கூட இருக்க மாட்டாள், அதனால்தான் அந்தப் பெயர். அவளே சொல்லிச் சிரிப்பாள். என்னைவிட மூன்று வயது இளையவள். ஒரு பெரிய விடுதியில் படுக்கைவிரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போடும் வேலையில் இருந்தாள். புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான். "போகட்டும், இருந்தப்ப மட்டும் என்ன கிழிச்சான்?" என்பாள். மேல் வரிசைப் பைகளை எட்ட ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டே அலைவாள். ஒவ்வொரு பைக்கும் ஒரு பேச்சு வைத்திருப்பாள். "ஏன்டி, நீ மட்டும் என்ன சோம்பேறி? பக்கத்து வீட்டுக்காரியப் பாரு, நாலு பெத்துட்டா!"

இனி என் தப்பைச் சொல்லவேண்டும்.

சிப்பிக்காளானை அதன் விளிம்பு உள்ளே வளைந்து இருக்கும்போதே பறித்துவிட வேண்டும். குடை முழுக்க விரிந்து விளிம்பு மேலே திரும்பினால் அடியிலிருந்து தூள் கொட்ட ஆரம்பிக்கும். அதுதான் அதன் வித்து, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. தொழில் தொடங்குமுன் போன பயிற்சியில் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால் எங்களிடம் வாங்கும் ஹோட்டல் சமையல்காரர் பெரிய குடையாகக் கேட்டார். "தட்டு மாதிரி விரிஞ்சத அனுப்புங்க, வாடிக்கைக்காரங்க படம் எடுக்கிறாங்க" என்றார். காலையில் பறிக்கவேண்டியதை நான் மத்தியானம் பறிக்க ஆரம்பித்தேன். அரை நாள் தாமதம். அந்த அரை நாளில் குடை இரண்டு மடங்காகிவிடும்.

சமையல்காரர் மேல் முழுப்பழியையும் போட எனக்கும் ஆசைதான். உண்மை அதுவல்ல. முழுக்க விரிந்ததைப் பார்க்க எனக்கே பிடிக்கும். பதினோரு மணி வெயில் கதவிடுக்கு வழியாக உள்ளே விழும்போது, ஒவ்வொரு கொத்திலிருந்தும் வெள்ளையாக ஒரு புகை மெல்ல எழும்பி வெளிச்சத்தில் சுற்றும். அந்த நேரத்துக்கு நான் வேலையை நிறுத்திவிட்டு நடுவில் போய் நிற்பேன். நெட்டையையும் கூப்பிடுவேன். புதிதாகக் காளான் போட வந்தவர்களுக்கு வகுப்பு எடுக்க ஒரு தடவை என்னைக் கூப்பிட்டார்கள். இந்தத் தொழிலில் கடைசிவரை நிலைக்கிற மனநிறைவு கிடைக்குமா என்று ஒருவர் எழுந்து கேட்டார். "காலையில உள்ள போய்க் கண்ண மூடி நல்லா மூச்ச இழுத்து விடுங்க, கிடைச்சிடும்" என்றேன். முப்பது பேர் எழுதிக்கொண்டார்கள்.

இருமல் முதலில் மரியாதையாகத்தான் வந்தது. பிறகு சாயங்காலம் ஆறு மணியானால் குளிரும் காய்ச்சலும். மறுநாள் காலை ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்துவிடுவேன். கஷாயம் குடித்தேன், மாத்திரை முழுங்கினேன். பிறகு மாடிப்படி ஏறும்போது நடுவில் நிற்க வேண்டி வந்தது. வீட்டுக்காரர் என்னை வண்டியில் ஏற்றி நுரையீரல் டாக்டரிடம் கொண்டுபோனார்.

அந்த அம்மாள் என் மார்பை விட்டுவிட்டு வாயைக் கிளறினாள். "என்ன வேலை பண்றீங்க?"

"காளான் பண்ணை வெச்சிருக்கேன்."

"ஞாயித்துக்கிழமை காய்ச்சல் வருதா?"

யோசித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் பண்ணைக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலும் வந்ததில்லை.

"அந்தத் தூளு உங்க நுரையீரலுக்கு ஆகல. இனிமே ஒவ்வொரு தடவை உள்ள போறப்பவும் அது புண்ணாகும். புண்ணு தழும்பாகும். தழும்பு ஆறாது. நீங்க உள்ள போகவே கூடாது."

"மொகமூடி போட்டுக்கிட்டா?"

"உங்க உடம்பு அத அடையாளம் கண்டுடுச்சும்மா. இனி துளி போதும்."

நம்புவேனா? பத்து நாள் வீட்டில் கிடந்தேன். இருமல் அடங்கியது, மாடிப்படி ஒரே மூச்சில் ஏறினேன். பதினோராம் நாள் இரட்டை முகமூடி கட்டிக்கொண்டு அரை மணி நேரம் உள்ளே போய்வந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் பல் கிட்டித்தது. காலையிலேயே பறித்துப் பார்த்தேன், தரையைக் கழுவிப் பார்த்தேன், வித்து உதிர்க்காத ரகம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு விதை கொடுப்பவரிடம் போய் நின்றேன். அந்த ரகம் வாங்கி ஒரு தடவை போட்டோம். அழகாக வந்தது. அப்போதும் எனக்குக் காய்ச்சல் வந்தது. வைக்கோலில், சாக்கில், சுவரில், இரண்டு வருஷத்துத் தூள் அந்தக் கட்டடம் முழுக்க ஏறியிருந்தது.

"சுவர் இருந்தாத்தானே சித்திரம்" என்றார் வீட்டுக்காரர்.

"சித்திரம் இல்லாத சுவர வெச்சுக்கிட்டு என்ன பண்றது, காலண்டர் மாட்டறதா?" என்று கத்தினேன். அவர் மேல் கோபம் இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் வழக்கமான ஆளைப் பிடித்துக்கொண்டேன்.

மனுஷர் ஒரு காரியம் செய்தார். விளையும் அறைக்கும் முன்னறைக்கும் நடுவில் இருந்த சுவரில் ஒரு சதுரம் வெட்டிக் கண்ணாடி பொருத்தினார். இடுக்குகளை எல்லாம் ரப்பர் வைத்து அடைத்தார். காற்றை வெளியே தள்ளும் விசிறியைப் பின்பக்கம் திருப்பினார். தெருப்பக்க ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு நான் முன்னறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே நெட்டை. அறையில் ஒரு பழைய போன், என் கையில் ஒரு போன்.

"மூணாவது வரிசை கடைசிப் பை பச்சையா தெரியுதே, பூசணமா பாரு."

"பூசணந்தான். கண்ணா அது, பூதக்கண்ணாடியா?"

இப்படியே எட்டு மாதம் ஓடியது. பண்ணை முன்னைவிட நன்றாக நடந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வெந்த வைக்கோலைப் பிழியும் அளவு அவள் கைக்கு மூன்றே நாளில் வந்திருந்தது. மொட்டு எட்டிப் பார்த்த அன்று அவள் முக்காலியில் ஏறி, கீறலுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பாள். நான் அழைத்தால்கூட போனை எடுக்க மாட்டாள். அந்த முகம் எனக்குத் தெரியும். அது என் முகம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து என் சந்தோஷத்தை வேறொருத்தி அனுபவிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமை என்று சொல்லிவிட்டால் சின்னதாகிவிடுகிறது. ஆனால் பொறாமைதான்.

ஒரு நாள் பதினோரு மணிக்கு அவள் இன்னும் பறிக்காமல் நின்றுகொண்டிருந்தாள். கொத்துகள் எல்லாம் முழுக்க விரிந்து விளிம்பு திரும்பியிருந்தன. பின்கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டாள். வெயில் உள்ளே விழுந்தது. புகை எழும்பியது. அவள் திரும்பிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுச் சிரித்தாள். எனக்காகத்தான் வைத்திருந்தாள். போனை எடுத்து, "கதவைச் சாத்து, முகமூடியைப் போடு, உடனே பறி" என்று சொல்ல எனக்கு நாலு விநாடி போதும். நான் சொல்லவில்லை. கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை மாதம் கழித்துப் பார்க்கிறேன்!

அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் அவள் அப்படி விட்டுவைப்பாள். நானும் ஒன்றும் சொல்ல மாட்டேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

ஒரு திங்கட்கிழமை போனில் அவள் இருமினாள். வறண்ட இருமல், இரண்டு தடவை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. டாக்டருக்குக்கூடக் குழல் வேண்டும், எனக்கு வேண்டாம். ஆனாலும் அன்றைக்கு நான் அவளிடம் கேட்கவில்லை. செவ்வாய் கேட்கவில்லை. புதன் கேட்கவில்லை. அவளும் இல்லையென்றால் பண்ணை இல்லை என்று ஒரு பக்கம் மனசு கணக்குப் போட்டது. இன்னொரு பக்கம் என்ன ஓடியது என்று இன்றுவரை நான் குனிந்து பார்க்கவில்லை. மூன்று நாள் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்தக் கதையில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அதுதான், அதனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் குடியிருந்த அறைக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. இரண்டு போர்வையைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து தலைமுடியை ஒதுக்கினாள்.

"எத்தன நாளா?"

"தூசிதான்க்கா. வைக்கோல் நறுக்கினேன்ல, அதான்."

"எத்தன நாளான்னு கேட்டேன்."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டு மாசம் இருக்கும்."

இரண்டு மாதமாக எனக்குத் தெரியாமல் இருமலை அடக்கியிருக்கிறாள். நான் போனில் கேட்டது அடக்க முடியாமல் போனது.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தாள். என் படத்தையும் பக்கத்தில் வைத்தாள். "இவங்களுக்கு இன்னும் தழும்பு விழல. இப்பவே நிறுத்தினா பழையபடி ஆயிடுவாங்க. உங்களுக்கு விழுந்தது விழுந்ததுதான்" என்றாள். திரும்பி வரும்போது வீட்டுத் திருப்பத்தில் நெட்டை சொன்னாள், "அக்கா, நான் நிறுத்த மாட்டேன்."

"பைத்தியமா உனக்கு?"

"நாப்பத்தினாலு வயசு வரைக்கும் அடுத்தவன் படுத்த விரிப்பத் தொவைச்சேன். இங்க வந்தப்புறந்தான் நான் நானா இருந்தேன். ஆயுசுல பத்து வருஷம் போகுமா, போகட்டும். எனக்குப் போதும். எனக்கு யாரு இருக்கா, செத்தா அழறதுக்கு?"

"நான் இருக்கேன்."

"அப்ப அழுங்க. பண்ணைய எனக்கு விட்டுடுங்க."

வீட்டுக்காரர் வேறொரு வழி சொன்னார். "வேற ஆள் போடலாமே. எல்லாருக்குமா வருது?" எல்லாருக்கும் வராது, உண்மைதான். எனக்கு வந்தது, அவளுக்கு வந்தது. மூன்றாவதாக ஒருத்தியைக் கொண்டுவந்து உள்ளே விட்டு, நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் எப்போது இருமுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதும் பதினோரு மணிக்குக் கதவைத் திறக்காதே என்று நான் சொல்வேனா? என்மேல் எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது.

மூடினேன். விதைக்குச் சொல்லியிருந்ததை நிறுத்தினேன், ஹோட்டலுக்குச் சொன்னேன். சமையல்காரர், "அடடா, இப்பத்தானே நல்லா வந்துச்சு" என்றார். தொங்கிக்கொண்டிருந்த இருநூற்றுப் பத்துப் பைகளை வீட்டுக்காரரும் கூலிக்கு வந்த இரண்டு பேரும் முகமூடி போட்டுக்கொண்டு அறுத்து இறக்கினார்கள். பாதிப் பைகளில் மொட்டு விட்டிருந்தது. ஒரு லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே உரக்குழிக்கு அனுப்பினோம். சுவரையும் தரையையும் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். கட்டடத்துச் சொந்தக்காரர் அந்த இடத்தை மறுபடியும் மேசை நாற்காலிக்கே விடப்போவதாகச் சொன்னார். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கிட்டத்தட்ட மூன்று வருஷப் பண்ணையைக் காலி பண்ண அரை நாள்தான் பிடித்தது.

நெட்டை எதிர்ப்பக்கம் நடைபாதையில் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். உதவிக்கும் வரவில்லை, தடுக்கவும் வரவில்லை. நான் கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டபிறகு தெருவைக் கடந்து வந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்க அவள் கழுத்தை வளைக்க வேண்டியிருக்கும். அன்றைக்கும் வளைத்தாள்.

"எதுக்குப் பூட்டினீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா."

"உன் உசுருக்குடி."

"என் உசுரு என் கிட்டதான் இருக்கு, நான் உங்களக் கேக்கல. உங்களால உள்ள போக முடியல. நான் போனேன், நல்லா இருந்தேன். அத தினமும் கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டே இருந்தீங்க. வைக்கப்போர் நாயி தானும் திங்காதாம், மாட்டையும் திங்க விடாதாம்."

வீட்டுக்காரர், "என்ன பேச்சும்மா இது" என்று முன்னால் வந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

டாக்டர் சொன்னதைச் சொல்லலாம். படத்தைக் காட்டலாம். அவள் இன்னும் முப்பது வருஷம் நன்றாக மூச்சு விடுவாள், அதற்கு நான்தான் காரணம், அதுவும் உண்மைதான். சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் சற்றுமுன் பூட்டு நாக்கு உள்ளே விழுந்த சத்தம் கேட்ட அந்த விநாடியில், இத்தனை மாதமாக நெஞ்சில் இருந்த ஒரு பாரம் இறங்கிய மாதிரி எனக்கு இருந்தது. இனி அவளும் வெளியேதான் என்று ஒரு நிம்மதி. ஒரு விநாடிதான். அந்த முகத்தோடுதான் தெருப்பக்கம் திரும்பினேன், அவள் நடைபாதையில் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயை மூடிக்கொண்டேன். அவள் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்துபோனாள்.